மேல் போர்ஷனும் பன்மைக் குறியீடும்

செப்டம்பர் 4, புதன்

எனக்கு மறுபடியும் உத்தியோகம். கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவனை ஒரு கால்பந்து கிளப் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறது. வங்கக்கடல் எஃப்.சி. என்று பெயர். இருபத்தாறு ஆட்டக்காரர்கள். ஒன்றரை மணி நேரம் ஒரு பந்தைத் துரத்திவிட்டுப் பல நாள் ஒரு கோல்கூட இல்லாமல் திரும்பி வருகிறார்கள். நாங்கள் அப்படி வகுப்பெடுத்திருந்தால் பிள்ளைகள் கல்லால் அடித்திருப்பார்கள்.

தலைமை அதிகாரி தருண். முப்பது வயதிருக்கும். முழங்கால் தெரிகிற டவுசரோடு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஐரோப்பாவில் ஒரு காலணிக் கம்பெனி இவர்களுக்கு விளம்பர ஆதரவு தருமாம். ஒரே ஒரு நிபந்தனை. அணியில் எத்தனை இனம், எத்தனை பண்பாடு கலந்திருக்கிறது என்று அளந்து காட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அணியிலிருந்து இரண்டு பேரை இழுத்தால் அவர்கள் வேறு வேறு பின்னணியாக இருக்க எத்தனை வாய்ப்பு என்பதுதான் பன்மைக் குறியீடு. புள்ளி எட்டைத் தாண்ட வேண்டும். கூட்டல், கழித்தல் தெரிந்த எவனும் போடலாம். இங்கே எவனுக்கும் தெரியவில்லை.

வேலை வந்தது எங்கள் மேல் போர்ஷனில் குடியிருக்கும் இளமாறன் மூலம். அவன் இவர்களின் கோல் கீப்பர். "எங்க வீட்டு ஓனர் பெரிய ப்ரொஃபசர்" என்று சொல்லி வைத்திருக்கிறான். நல்ல பையன். மனைவி யாழினிக்கு ஏழாம் மாதம். இங்கே வருவதற்கு முன்னால் வீடு தேடி ஊரெல்லாம் அலைந்தார்களாம். சாதி கேட்டு வீடு விடுகிற கூட்டம் இந்த வில்லிவாக்கத்தில் நிறைய உண்டு. எனக்கு அது அருவருப்பு. நான் கேட்டது மூன்றே கேள்வி. சொந்த ஊர் எது? தஞ்சாவூர்ப் பக்கம். அப்பா? தலைமையாசிரியர். வீட்டில் கவிச்சி உண்டா? சமைப்பதில்லை சார். பெயரோ இளமாறன். இதற்கு மேல் என்ன வேண்டும்? நம்மவர்கள்தான் என்று என் மனைவி மங்கையிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

வெளிநாட்டுக்காரர்களை அளந்தேன். பிரேசில்காரன் தியாகோவிடம் பின்னணி கேட்டால், அப்பாவின் அப்பா இத்தாலி, அம்மாவின் அம்மா ஆப்பிரிக்கா, நடுவில் ஒரு ஜப்பான்காரர் என்று அவிழ்த்துக்கொண்டே போகிறான். பிரேசில் என்று எழுதி வாயை மூட வைத்தேன். செனகல்காரன் மமாதுவிடம் நீ என்ன இனம் என்றேன். "மிட்ஃபீல்டர்" என்றான். இவன்கள் மூளையெல்லாம் காலில்தான் இருக்கிறது.

வடகிழக்கு ஆட்கள் ஐந்து பேரையும் ஒரே கட்டத்தில் போட்டேன். ரெமா என்று மிசோரம் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், நான் மிசோ. அவன் மணிப்பூர். வேற வேற" என்று தன் உடைந்த தமிழில் வாதாடினான். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது என்றேன். "நீங்க தெலுங்கா சார்?" என்று கேட்டான். என்ன திமிர்!

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. மங்கை கொழுக்கட்டையை மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். பதிலுக்கு யாழினி ஒரு பாத்திரம் மிளகு ரசம் கொடுத்தனுப்பினாள். மங்கை முப்பது வருடமாக வைக்கிற ரசத்தைவிட அது நன்றாக இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொன்னது என் தவறு. சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

குறியீடு 0.75.

காரணம் தமிழ்ப் பையன்கள். பதினொரு பேர் ஒரே கட்டத்தில் குவிந்து கிடக்கிறார்கள். அந்த மிசோ பையன் சொன்னபடி வடகிழக்கை மூன்றாகப் பிரித்துப் பார்த்தேன், அவன் சொன்னதற்காக அல்ல, கணக்குக்காக. 0.78. போதவில்லை. தருண் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டான். "சார், ரெண்டு தமிழ்ப் பசங்கள ரிலீஸ் பண்ணிட்டு வேற ஸ்டேட் ஆள எடுத்துரலாமா?" என்றான். இளமாறனுக்குப் போட்டியாக இன்னொரு கீப்பர் இருக்கிறானாம், வங்காளி. பெஞ்சில்தான் இருக்கிறான், அவனை இறக்கிவிடலாம் என்கிறான்.

ஆட்களை மாற்றுவது முட்டாள் வேலை. கட்டத்தை மாற்ற வேண்டும். தமிழன் என்று ஒரே கட்டம் எதற்கு? நமக்குள் இல்லாத பன்மையா? சமூகவாரியாகப் பிரித்தால் நாமே ஒரு ஐரோப்பா. சொன்னதும் தருண் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். இளமாறன் வேலை பிழைத்தது. என்னால்தான் பிழைத்தது என்று அவனிடம் நான் சொல்லிக் காட்டப் போவதில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தமிழ்ப் பையன்களை மட்டும் மெஸ்ஸில் இருக்க வைத்தேன். "தம்பிங்களா, இது சயின்ஸ். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. அவங்கவங்க கம்யூனிட்டிய வரிசையா சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்றேன்.

டில்லிபாபு என்று வியாசர்பாடிப் பையன், வாய் நீளம். "இன்னா சார், டி.சி. குடுத்து அனுப்பப் போறியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்கள். பல்லாயிரம் பேர் பார்க்கப் பந்தாடுகிறவன்களுக்கு இதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

இளமாறன்தான் எழுந்தான். "நம்ம வீட்டு சார் கேக்குறாரு, நான் சொல்றேன். எஸ்.சி. எழுதிக்குங்க சார்."

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். எழுதிக்கொண்டேன். அந்த மெஸ் மேசைக்கு ஒரு கால் குட்டை, எழுத்து கோணிவிட்டது. "நானும் அதான், எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு டில்லிபாபு வெளியே போய்விட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவன் என் காதருகில் வந்து ரகசியமாகச் சொன்னான். ரகசியமாம்! நாளைக்கே அட்டவணையில் வரப் போகிறது.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். எத்தனை மாதமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லைதான். கேட்டால்தான் சொல்ல வேண்டுமா?

செப்டம்பர் 13, வெள்ளி

மோட்டார் ரிப்பேர். மேலே அதிகமாகத் தண்ணீர் செலவழிக்கிறார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

யாழினி மறுபடியும் ரசம் கொடுத்தனுப்பினாள். எனக்கு நெஞ்செரிச்சல், புளி ஆகாது. மங்கை மட்டும் ஊற்றிக்கொண்டாள். என் எதிரிலேயே உறிஞ்சிக் குடித்தாள்.

மாடியிலிருந்து மீன் வாடை வருகிறது. சொன்னேன். "அது பக்கத்துத் தெரு சாக்கடைங்க. மழை பேஞ்சா எப்பவும் வர்றதுதானே" என்கிறாள். எனக்கு மூக்கு இல்லையா?

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. குறியீடு 0.87!

தருண் என்னைக் கட்டிப்பிடித்தான். செண்டு வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டது. காலணிக் கம்பெனியிலிருந்து உடனே பதில் வந்ததாம். அவர்கள் ஆதரிக்கிற கிளப்புகளிலேயே இவ்வளவு உயர்ந்த எண்ணை இதுவரை பார்த்ததில்லையாம். தமிழர்களுக்குள் இத்தனை பண்பாடுகளா என்று ஆச்சரியப்படுகிறார்கள். எந்தக் கட்டத்துக்கு என்ன பொருள் என்று அவர்கள் கேட்கவில்லை. தருணும் கேட்கவில்லை. எண் கிடைத்தால் எல்லாருக்கும் திருப்தி.

பயிற்சியாளர் மட்டும் வாசலில் என்னை மடக்கிப் புலம்பினார். அந்த மெஸ் கூட்டத்துக்குப் பிறகு தமிழ்ப் பையன்கள் ஒருவருக்கொருவர் பேசுவதில்லையாம். ஒருவன் ஹாஸ்டல் அறையை மாற்றித் தரச் சொன்னானாம், காரணம் சொல்லவில்லையாம். பந்து உதைக்கச் சொன்னால் காரணம் விசாரிக்கிறார் இந்த மனிதர்.

செப்டம்பர் 21, சனி

நம் அணி மூன்று கோல் வாங்கித் தோற்றது. டிவியில் பார்த்தேன். இடது பக்கம் இருக்கிறவன் வலது பக்கம் இருக்கிறவனைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. சோம்பேறிகள். இளமாறன் மட்டும் ஆறேழு பந்தைத் தடுத்தான் என்று மங்கை கை தட்டினாள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாதவள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலையில் மேலே போய் விஷயத்தைச் சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன்.

"மிஸ்டர் இளமாறன், டல்லாஸ்லேருந்து என் பொண்ணு உமையாள் குடும்பத்தோட வரா. மேல் போர்ஷன் வேணும். அக்டோபர் கடைசிக்குள்ள பாத்துக்குங்க."

மிஸ்டர் என்றதும் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். இதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

"சார், இவளுக்கு நவம்பர்ல டேட் குடுத்திருக்காங்க. பிரசவம் மட்டும் முடியட்டும் சார். வயித்துப் புள்ளயோட வந்தா எவனும் வீடு தர மாட்டான்."

"பொண்ணு வராளே, நான் என்ன பண்றது?"

"அன்னிக்கு மெஸ்ஸுல சொன்னேனே, அதாலயா சார்?"

இப்படி நேருக்கு நேர் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது. "சேச்சே, நான் அதெல்லாம் பாக்கறவனா? நான் எண்ணிக்கை எடுக்கறவன், அவ்வளவுதான்" என்றேன். யாழினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரும்மா என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் பேச வேண்டியிருக்கும்.

கீழே வந்தால் மங்கை. "உமையா எப்ப வரேன்னா? நேத்துதானே ஒரு மணி நேரம் பேசினேன், என்கிட்ட சொல்லலையே?"

எல்லாவற்றையும் இவளிடம் சொல்லிவிட்டா செய்ய முடியும்?

செப்டம்பர் 26, வியாழன்

சாம்பாரில் உப்பு இல்லை. கேட்டேன். மங்கை உப்பு ஜாடியை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் 30, திங்கள்

இளமாறன் பயிற்சி முடிந்த கையோடு பைக்கில் வீடு பார்க்கப் போகிறான். அயனாவரத்தில் ஒன்று, பாடியில் ஒன்று, இரண்டும் தட்டிப்போயின என்று மங்கை சுவரிடம் சொல்வது போல் சொன்னாள். எனக்குக் கேட்கத்தான். நான் பேப்பரைப் புரட்டினேன்.

அக்டோபர் 3, வியாழன்

இன்றைய கூத்தை விவரமாக எழுதியே ஆக வேண்டும்.

காலணிக் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்கு ஒரு படம் எடுக்கிறார்கள். பன்மையை அளந்த பேராசிரியரும் கோல் கீப்பரும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருக்கிறார்கள் என்று தருண் உளறி வைத்துவிட்டான். கேமராவோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஹெல்கா என்று ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும், காதில் ஜிமிக்கி. கதர்க்கடையில் வாங்கிய குர்தாவைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் கை கூப்புகிறாள். குழாயடியைப் பார்த்தும் கூப்பினாள்.

இளமாறனையும் யாழினியையும் கீழே வரவழைத்து எங்களோடு சோபாவில் உட்கார வைத்தார்கள். யாழினி இடம் போதாமல் ஓரத்தில் ஒடுங்கினாள். மங்கை தன் பக்கம் இழுத்துச் சாய்த்துக்கொண்டாள். கேமராக்காரன் மும்பை, தமிழ் தெரியாது. தருண் கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். ஹெல்காவின் கேள்விகளைத் தமிழில் சொல்லி, பதிலை ஆங்கிலத்தில் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் என்னைப் பேட்டி கண்டாள். மனிதர்களை எண்ணுவது அவர்களை மதிப்பதன் முதல் படி என்று சொன்னேன். நன்றாகவே வந்தது. அடுத்து மங்கையிடம் திரும்பி, வேறு சமூகத்து இளம் தம்பதியோடு ஒரே வீட்டில் வாழ்வது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சுருக்கித் தமிழில் சொன்னேன்.

மங்கை கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருந்துது. இவரு கணக்கெடுக்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்துது. அதுக்கப்பறம் புள்ளத்தாச்சிப் பொண்ண வீட்ட விட்டுப் போகச் சொல்லிட்டாரு. பொண்ணு வரான்னு பொய் சொல்றாரு. எனக்கு இவரோட ஒரே வீட்ல இருக்கறதுதான் கஷ்டமா இருக்கு. இத அந்தம்மாவுக்குச் சொல்லுங்க."

ஹெல்கா ஆவலோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என் மனைவி சொல்கிறாள், இவர்கள் எங்கள் சொந்தப் பிள்ளைகள் மாதிரி, குழந்தை பிறக்கப் போகிற நாளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்றேன், நல்ல ஆங்கிலத்தில்.

ஹெல்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்துபோய் மங்கையைக் கட்டிக்கொண்டாள். மங்கை ஒன்றும் புரியாமல் அவள் தோளுக்கு மேலாக இளமாறனைப் பார்த்து, "இவரு என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டாள். அவன் என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு, "நல்லதாத்தாம்மா சொன்னாரு" என்றான்.

போட்டுக் கொடுப்பான் என்று பயந்தேன், கொடுக்கவில்லை. இங்கிலீஷ் அவ்வளவாகப் புரிந்திருக்காது.

அக்டோபர் 4, வெள்ளி

தருணிடம் ஜாடையாக விசாரித்தேன். மங்கை பேசுகிற இடத்தில் குரலை எடுத்துவிட்டு வீணை போட்டுவிடுவார்களாம். நிம்மதி.

அக்டோபர் 7, திங்கள்

கொரட்டூரில் ஒரு வீடு அமைந்துவிடும் போலிருக்கிறதாம். கீழ்த்தளம், ஆஸ்பத்திரி பக்கம். யாழினி முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் சிரிப்பைப் பார்த்தேன் என்று மங்கை சொன்னாள். அந்தக் கேமரா கூத்தை விட்டால், இரண்டு வாரம் கழித்து என்னிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது. எனக்கும் சந்தோஷம்தான். நான் யாருக்கும் கெடுதல் நினைப்பவன் அல்ல.

அக்டோபர் 9, புதன்

காலையில் பூ பறித்துக்கொண்டிருந்தபோது போன். கொரட்டூர் வீட்டுக்காரர். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவராம், மரியாதையான பேச்சு.

"சார், உங்க வீட்ல குடியிருக்கற ஃபுட்பால் பையன் நம்ம போர்ஷன பாத்துட்டுப் போனான். உங்க நம்பரத்தான் குடுத்தான். பையன் எப்படி சார்?"

உள்ளதைச் சொன்னேன். வாடகை ஒன்றாம் தேதி வந்துவிடும். குடி, சிகரெட் கிடையாது. சத்தம் கிடையாது. அந்தப் பெண் வாசல் தெளித்துக் கோலம் போடாத நாள் கிடையாது. அவர் திருப்தியாக உம் கொட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க என்ன ஆளுங்க சார்?"

சொன்னேன்.

"அப்படியா... ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று வைத்துவிட்டார்.

திரும்பினால் மங்கை, கையில் பூக்கூடையோடு. "தெரியாதுன்னு சொல்லக் கூடாதா?" என்றாள். தெரியாதா? இருபத்தாறு பேருக்கும் அட்டவணை போட்டவன் நான். ஒருவர் ஒரு தகவல் கேட்டார், சரியான தகவலைக் கொடுத்தேன். புள்ளிவிவரத்தில் பொய் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இளமாறன் படியிறங்கி வந்து பக்கத்தில் நின்றான். பயிற்சி உடுப்பிலேயே இருந்தான்.

"சார், கொரட்டூர் வீடும் இல்லன்னுட்டாங்க."

"அடடா" என்றேன்.

"நேத்து சாயங்காலம் அட்வான்ஸோட போனோம் சார். அவளையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சுச் சொல்லிட்டாரு. உங்க ஓனர்ட்ட எல்லாம் விசாரிச்சுட்டேன்னாரு."

"உன்னப் பத்தி நல்லபடியாத்தானேப்பா சொன்னேன். வாடகை, ஒழுக்கம், எல்லாம்."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பெனால்டி அடிக்க வருகிறவனை டிவியில் அப்படித்தான் பார்ப்பான், கண்ணைக் கொட்டாமல்.

"அன்னிக்கு அந்தம்மாகிட்ட இங்கிலீஷ்ல சொன்னீங்க சார், எங்க சொந்தப் புள்ளைங்க மாதிரின்னு. பொய்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் பொய்யாவாவது சொன்னாரேன்னு நெனச்சேன். இவருகிட்டயும் அதே மாதிரி ஒரு பொய் சொல்லிருவீங்கன்னு நம்பித்தான் சார் உங்க நம்பரக் குடுத்தேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளைக்குப் பிள்ளையாக வைத்திருந்தேன், வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தேன். என் வீட்டு வாசலில் நின்று என்னைப் பொய்யன் என்கிறான், அதுவும் நான் உண்மை சொன்னதற்காக. ஸ்கூட்டரின் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

அவன் திரும்பிப் படியேறினான். முப்பத்தொன்றுக்குள் சாவி கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவன் முதுகைப் பார்த்துச் சொன்னேன். கேட்டிருக்கும்.